உயிரோடிருப்பவளுக்கு ஒப்பாரி

முனியம்மாள் தெருமுனையிலேயே தலைமயிரை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மயிலத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கியவள், பிறந்த வீட்டுக் கோடிப்புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, அண்ணன் மகள் தையல்நாயகி செத்துப்போனாளே என்று அழுதபடி வாசலுக்கு வந்தாள். உள்ளே பாயில் படுத்திருந்த தையல்நாயகி கண்ணைத் திறந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அது. உயிரை விடத் துணிந்தவளை விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் காப்பாற்றி அனுப்பி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. செய்தி மயிலம் போய்ச் சேர்வதற்குள் வாய்க்கு வாய் மாறி அவளைக் கொன்றே விட்டிருந்தது.

தையல்நாயகியின் ஓரகத்தி பாஞ்சாலிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஐந்து நாளாக ஊரே துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் வந்துபோகிறது. வெற்றிலையை மென்றுகொண்டே எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, எப்படிம்மா உனக்கு மனசு வந்தது என்று அவளிடமே கேட்கிறார்கள். அவள் வாய் திறக்காவிட்டால் ஏமாந்த முகத்தோடு எழுந்து போகிறார்கள். இப்போதோ, உயிரோடிருப்பவளைக் கண்டு முனியம்மாள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்த, அவள் கையிலிருந்த கோடியைப் பார்த்து, வாங்கின காசு வீண் என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. மற்றவர்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

பாஞ்சாலி அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னாள். அவமானத்தில் குன்றி நின்ற முனியம்மாளைக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொள்ளச் சொல்லிவிட்டு வாசல் கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகும் அருவருப்பு தீரவில்லை. தன்மேலேயே இருந்தால் எப்படித் தீரும்? நாலு மாதமாகத் தையல்நாயகி சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. கையில் சீப்பை வைத்துக்கொண்டு தலை வாராமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்குச் சோம்பிப் பாசாங்கு செய்கிறாள் என்று அவள் புருஷன் மாரியப்பனிடம் பற்ற வைத்தவள் சாட்சாத் பாஞ்சாலியேதான். இதுவும் ஒரு நோய்தான், வைத்தியம் உண்டு, தனியாக விடாதீர்கள், பேச விடுங்கள், வெள்ளிக்கிழமை திரும்ப அழைத்து வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாரியப்பன் மானம் போகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கேட்டால் அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று வீட்டில் யாரும் அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பாஞ்சாலி பாயருகே உட்கார்ந்தாள்.

"தையலு, சாவணும்ங்கிற நினைப்பு இன்னும் இருக்குதா?"

தையல்நாயகி பாயின் கோரையை நகத்தால் கீறினாள். பிறகு, "வருது, போவுது. வர்றப்ப ரொம்ப பயமா இருக்குதுக்கா" என்றாள்.

பாஞ்சாலிக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

"நீ நடிக்கிறேன்னு சொன்னவ நான்தான். என் வாயில மண்ணு. இனிமே அது வந்தா என்னைக் கூப்பிடு. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வர்றேன். வெள்ளிக்கெழமை விழுப்புரத்துக்கு நானே இட்டுக்கினு போறேன்."

தையல்நாயகி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இரவு பாஞ்சாலி அவள் பக்கத்திலேயே பாய் விரித்தாள்.

மறுநாள் மத்தியானம் பாஞ்சாலி, அறைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடையில் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "அக்கா" என்று மெல்லக் கேட்டது. குழவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

தையல்நாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அது வந்திருக்குதுக்கா."

பாஞ்சாலி பக்கத்தில் உட்கார்ந்து, மாவுக் கையாலேயே அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவர் விரல்களிலும் மாவு காயத் தொடங்கியது.