நாற்பத்து நான்காவது துகள்

குவார்க் என்ற நுண்துகள்களில் கனமானவை இரண்டும் லேசானவை இரண்டும் ஒட்டிய துகளைத் தேடுவது என் வேலை. அது பிறந்ததுமே சிதறிவிடும். துண்டுகளின் தடங்களைப் பின்னோக்கி நீட்டித்தான் பிறந்த இடத்தைக் கண்டுபிடிப்போம். இதுவரை கிடைத்த நாற்பதும், கீழே இருக்கும் இயந்திரத்தில் புரோட்டான் கற்றைகள் மோதும் புள்ளியில் பிறந்தவை.

இயந்திரத்தை நிறுத்திய பிறகும் மூன்று பதிவாகியிருந்தன. கீழே பழுதுபார்க்கும் மச்சானுக்கு எரிச்சலோடு போன் போட்டேன்.

"ஒழுங்கா நிறுத்தினியா இல்லையா?"

"மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போட்டாச்சு, சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. சும்மா உயிர வாங்காத!"

முணுமுணுத்தபடி தடங்களை நீட்டிப் பார்த்தேன். முதலாவது, மோதும் புள்ளியிலிருந்து பத்து மீட்டர் தள்ளிப் பிறந்திருந்தது. அடுத்தது மேலே ஏறி வரும் படிக்கட்டில். மூன்றாவது என் அறை வாசலில்.

"மச்சான், கொஞ்சம் மேல வர்றியா?" என்றேன், திரும்பிப் பார்க்காமல்.

திரையில் நாற்பத்து நான்காவது விழுந்தது. அதன் தடத்தை நீட்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை.