ரூபியா திறந்த தாழ்ப்பாள்

1
இந்தக் கதைக்குக் காரணம் ஒரு மாடு. பெரிதாக வேறொன்றும் இல்லை.

"பனி மூடிய கலீசிய மலையிலே, பொழுது மெல்ல..." என்று ஆரம்பித்தேன். பொய். அன்றைக்கும் மழைதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2
ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்கு யாத்திரையாக நடக்கிறவர்களின் பாதை எவரிஸ்தோ கிழவனின் மேய்ச்சல் நிலத்துக்குள்ளே போகிறது. (பக்கத்து மேய்ச்சல் என்னுடையது. அவர்களை நானும் நம்புவதில்லை.) கேட்டைத் திறப்பார்கள், மூட மாட்டார்கள். அவனுடைய மாடு ரூபியாவும் தன் மூக்காலே திறக்கப் பார்ப்பாள். அதனால் எவரிஸ்தோ தாழ்ப்பாளைக் கேட்டின் உச்சியில் வைத்திருந்தான்.

அந்தப் பாதையில் ஒதிலியா என்ற பெண் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, சக்கரத்தைக் கையாலேயே தள்ளிக்கொண்டு வந்தாள். தடித்த டயர், முழங்கை வரை சேறு. தாழ்ப்பாள் எட்டவில்லை.

"தார் ரோட்டுல போம்மா. வழவழன்னு இருக்கும்" என்றான் எவரிஸ்தோ.

"லாரியும் வழவழன்னு வருமே, பெரியவரே."

"சரி, நான் திறந்து விடுறேன்."

"நாளைக்கு? என்னை மாதிரி ஆறு பேரு பின்னால வர்றாங்க. தோதான வழியான்னு பாத்துச் சொல்லத்தான் நான் முன்னால வந்தேன். இது எட்டலேன்னா, எல்லாரும் தார் ரோடுதான். நீங்க இங்கேயே நின்னுக்கிட்டிருப்பீங்களா?"

3
நல்ல கதையில் இந்த இடத்தில் கிழவன் கண் கலங்குவான். எவரிஸ்தோவை எனக்குத் தெரியும். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுச் சுத்தியல் எடுத்து வந்தான்.

தாழ்ப்பாள் கீழே இறங்கியது. ஒதிலியா தானே திறந்தாள், உள்ளே போய்ப் பார்த்து வெளியே வந்தாள், தானே மூடினாள். அவள் முகம்... (நாலு தடவை எழுதினேன், வரவில்லை.)

அவள் திரும்புவதற்குள் ரூபியா நாக்கை நீட்டித் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டு, வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"ஆறு பேருல இவளும் ஒருத்தியா?" என்றான் எவரிஸ்தோ.

4
முடிவு ஒன்று: தாழ்ப்பாள் மறுபடி உச்சிக்குப் போனது. (நடந்திருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: மாட்டை விற்று... சே.

முடிவு மூன்று:

"மாட்டுகிட்ட இல்லாதது உன்கிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டான் எவரிஸ்தோ.

"கை ரெண்டு."

"அப்போ ரெண்டு கையாலயும் இழுக்கிற மாதிரி வச்சிடலாம்."

"ஆறுல ஒருத்தருக்குக் கை ஒண்ணுதான், பெரியவரே."

எவரிஸ்தோ மாட்டைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். "அந்த ஒத்தக் கையில கட்டைவிரல் இருக்கில்ல?"

"இருக்கு!"

கொட்டகைக்குப் போய், கட்டைவிரலால் அழுத்தினால்தான் விலகும் இரும்பு முள் ஒன்றைத் தேடி எடுத்து வந்து தாழ்ப்பாளில் பொருத்தினான்.

5
இப்போது ரூபியா அதை நக்கிக்கொண்டிருக்கிறாள். ஒதிலியா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஆறு பேருக்கு எந்த வழியைச் சொல்வது?

நான் இதற்குமேல் எழுதப் போவதில்லை. முள் அவள் நாக்குக்கு அசையாமல் நிற்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். போகும்போது கேட்டை மூடுங்கள்.