பெஞ்ச் வைஸும் பெரிய மாப்பிள்ளையும்

சகலையின் கார் ஷெட்டுக்குள் நுழைந்ததும் பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது.

கார் வெளியே வெயிலில் கிடந்தது. அது நின்ற இடத்தில் புது மேசை. சுவர்ப் பலகையில் சுத்தி, உளி, ஸ்பேனர். ஒவ்வொன்றின் பின்னாலும் அதன் உருவம் கறுப்பு வண்ணத்தில் வரையப்பட்டிருந்தது. இவர் வீட்டிலோ எல்லாம் ஒரே தகர டப்பாவில். திருப்புளி தேடினால் விரல் கிழியும்.

ஆனாலும் மாமனார் வீட்டில் கதவு முனகினால், குழாய் ஒழுகினால், “பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு” என்பார்கள். அந்தக் குடும்பத்தில் அவருக்கு இருந்த மதிப்பு அது ஒன்றுதான். உத்தியோகம், வீடு, தலைமுடி என்று மற்ற எல்லாவற்றிலும் சகலையான சின்னவர் முந்திவிட்டார்.

“எப்படிண்ணே இருக்கு? தப்பு இருந்தா சொல்லுங்க. நீங்க பழைய கை.”

பழைய கை. பெரியவர் மேசையைச் சுற்றி வந்தார். கட்டையை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் அருகே நின்றார். அதன் வாய் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். சின்னவர் ஒரு சாண் உள்ளே தள்ளிப் பூட்டியிருந்தார். நீளமான கட்டையை இதில் நட்டுக்குத்தாக நிறுத்தவே முடியாது. அடி மேசையில் இடிக்கும்.

உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

“குறையே இல்ல. பிரமாதம்” என்றார்.

சாயங்காலம் மாமனார் நீளமான அலமாரிக் கால் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். நுனி உடைந்திருந்தது. புதிதாக வெட்டிப் பொருத்த வேண்டும்.

“சின்ன மாப்பிள்ளை, இந்தாங்க. கடை மாதிரி வச்சிருக்கீங்க, இனி பெரியவருக்கு ரெஸ்ட்தான்.”

பெரியவர் சிரித்தபடி ஒதுங்கி நின்றார். சின்னவர் அதை வைஸில் நிறுத்தினார். அடி மேசையில் இடித்தது. சாய்த்தார், வழுக்கியது. படுக்கவைத்து அறுத்தார், ரம்பம் கோணியது. நெற்றி வியர்த்தது.

“என்ன மாப்பிள்ளை, மரத்தோட மல்யுத்தமா?”

“விளிம்புல வச்சா மரம் பிளந்துடுமோன்னு உள்ள தள்ளி வச்சேன் மாமா. அண்ணன்கிட்டயும் காட்டினேன். குறையே இல்லன்னாரு.”

சூது இல்லாமல் சொன்னார். அதுதான் கொடுமை.

மாமனார் திரும்பினார். “நீங்க பாத்தீங்களா? உங்களுக்குமா தெரியல?”

இருதலைக் கொள்ளி எறும்பானார் பெரியவர். தெரிந்தது என்றால் வஞ்சகன். தெரியவில்லை என்றால் மண்டு.

“கவனிக்கல மாமா.”

“வயசாகுதுல்ல” என்றார் மாமனார், கனிவாக. திட்டியிருக்கலாம்.

சின்னவர் அதற்குள் போல்ட்டைக் கழற்றியிருந்தார். தானே அளந்தார், புதுத் துளை போட்டார், விளிம்புக்கு வெளியே வாய் நீட்டும்படி பூட்டினார். அலமாரிக் கால் கச்சிதமாக நின்றது. ஆனால் பூட்டிய இடத்துக்குக் கீழே மேசைக்குக் கால் இல்லை. சுத்தியால் தட்டினால் பலகை துள்ளும். வைஸை மேசைக் கால் இருக்கும் மூலைக்கு நகர்த்த வேண்டும். பெரியவருக்கு இதுவும் தெரிந்தது. இந்த முறை சொல்லிவிட வாயைத் திறந்தார்.

“தம்பி, அதைக் கொஞ்சம் மூலைக்கு...”

“நீங்க உட்காருங்க மாப்பிள்ளை” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் மாமனார். “அவர் பாத்துக்குவார்.”

பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்தார்.