அத்தை நாடிக்கு நான் போட்ட சராசரி

முதலுதவி வகுப்பின் மூன்றாவது வாரத்தில் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஐந்து நாள், காலையும் மாலையும் நாடி பார்த்து அட்டவணை போட வேண்டும். முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கடைசிக் கட்டத்தில் ‘துடிப்பு சீராக இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று எழுத வேண்டும்.

என்னையும் சேர்த்து எங்கள் வீட்டில் நான்கு பேர். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஒரு கோடு கோணியது போலத் தெரிந்ததால் வேறு தாளில் மறுபடியும் போட்டேன்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு. அம்மாவுக்கு எழுபத்தாறு. எனக்கு எண்பது. கடைசியாக அத்தையிடம் போனேன். அத்தை அப்பாவின் அக்கா; இருபத்திரண்டு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறார். சோபாவில் சாய்ந்தபடி கையை நீட்டினார்.

“என்னடி, ஆளு இருக்கேனா, போயிட்டேனா?”

“பேசாதீங்க அத்தை. எண்ணிக்கை தப்புது.”

“நான் பேசாம இருந்தா உங்கம்மா நிஜமாவே போயிட்டேன்னு நினைச்சுப்பா.”

எண்பத்து நான்கு வந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. மூன்றாவது முறை தொண்ணூற்றாறு. விரலுக்கடியில் இரண்டு துடிப்பு அடுத்தடுத்து வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. விட்டுவிட்டேனோ என்று விரலை நகர்த்தும்போது மெலிதாக ஒன்று, உடனே பலமாக ஒன்று. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அப்படியும் அப்படித்தான்.

எங்களுக்குப் பாடம் எடுப்பவர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே வகுப்புக்கு வரும் நர்ஸ். முதல் நாளே ஒன்று சொல்லியிருந்தார்: “எண் விநோதமா வந்தா முதல்ல உங்க விரலைச் சந்தேகப்படுங்க. ஆளை அப்புறம் சந்தேகப்படலாம்.” என்னைச் சந்தேகப்பட எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதில் மட்டும் நான் முதல் வகுப்பு. ஆகவே மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். தொண்ணூற்றொன்பது. நூறு வரை இருக்கலாம் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ‘ஆம்’ என்று எழுதினேன்.

அந்த வாரம் முழுவதும் அத்தை மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, மின்சார மீட்டரைப் படிப்பதுபோலப் பாவனை செய்து மூச்சு வாங்குவார்.

“ஓனர் நமக்குத் தெரியாம ஆறு படி சேத்துட்டான்” என்றார்.

நான் இறங்கிப் போய் எண்ணிவிட்டு வந்தேன். “நாற்பத்திரண்டுதான் அத்தை. ரெண்டு தடவை எண்ணிட்டேன்.”

“உன் எண்ணிக்கைய நீயே நம்ப மாட்டே. நான் எப்படிடி நம்பறது?”

“அக்கா, வயசாகுதுல்ல” என்றார் அப்பா.

“வயசு உனக்குத்தான்டா ஆகுது. எனக்கு வெறும் மூச்சுதான் வாங்குது.”

புதன்கிழமை, நெஞ்சுக்குள் புறா சிறகடிப்பதுபோல இருக்கிறது என்று சொல்லி, பழியை அம்மாவின் காபி மேல் போட்டார். “காபி பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க அண்ணி, புறாவை ஏன் இழுக்கறீங்க?” என்றார் அம்மா. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

“சிக்னல்ல ஒரு நிமிஷம் கண்ணு இருட்டிடுச்சு. பச்சை விழுந்தும் வண்டிய எடுக்கல. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே என் பரம்பரைய விசாரிச்சுட்டான்.”

எல்லோரும் சிரித்தோம். வண்டியில் எத்தனை பேர் என்று அம்மா கேட்டார். நின்றவர்களையும் சேர்த்து ஐம்பது இருக்கும் என்றார் அத்தை. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. “வெயில்தான், வேற ஒண்ணுமில்ல” என்று அத்தையே முடித்துவைத்தார். அன்று மாலை சராசரி சரியாக நூறு. பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் ‘ஆம்’ என்றே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நர்ஸ் டீச்சர் என் அட்டவணையைப் பார்த்து, “அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்றார். அந்தப் பாராட்டைத் தாங்க முடியவில்லை.

“அத்தை வரிசை மட்டும் நான் எண்ணினது இல்ல டீச்சர். சராசரி. எனக்கு எண்ணத் தெரியல” என்று சொல்லி, அசல் எண்கள் இருந்த கிறுக்கல் தாளை நீட்டினேன்.

அதை இரண்டு முறை படித்தார். “அப்பாவுக்கு எண்ணினப்ப இப்படி மாறி மாறி வந்துச்சா?”

“இல்ல.”

“அம்மாவுக்கு? உனக்கு?”

“இல்ல டீச்சர். ஒண்ணு ரெண்டுதான் வித்தியாசம்.”

“அப்ப உன் விரல் மூணு பேர்கிட்ட ஒழுங்கா வேலை செய்யுது. அத்தை கையைத் தொட்டா மட்டும் ஸ்டிரைக் பண்ணுதா?” என்றார். “விரலைச் சந்தேகப்படச் சொன்னது நான்தான். ஆனா மூணு பேர் சாட்சி சொன்னப்புறம் அதை விடுதலை பண்ணிடணும்மா.”

பிறகு வரிசையாகக் கேட்டார். மூச்சு வாங்குகிறதா? படபடப்பு உண்டா? அசதி? தலைசுற்றல்? ஓனர் சேர்த்த படிகள், காபிப் புறா, சிக்னல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதற்கும் சிரிக்கவில்லை.

“அத்தை என்ன வேலை பாக்கறாங்க?”

“பஸ் ஓட்டறாங்க.”

பேனாவை மூடினார். “இதயம் தாளம் தப்பித் துடிக்குதுன்னு எனக்குத் தோணுது. ஈசிஜி எடுத்தாத்தான் உறுதியாத் தெரியும். கண்ணு இருட்டினதால தள்ளிப் போடாதே. இன்னிக்கே கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.”

வகுப்பு முடியும்வரை காத்திருக்கவில்லை. வீட்டில் அத்தை மறுநாளுக்கான சீருடையை மடித்துக்கொண்டிருந்தார். காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கிளம்பும் முதல் வண்டி அவருடையது. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பாருடா, மூணே வாரம் வகுப்புக்குப் போய் எனக்கு ரிட்டயர்மெண்ட் குடுக்கறா உன் பொண்ணு” என்று அப்பாவிடம் சொன்னார்.

“ரிட்டயர்மெண்ட் இல்ல அத்தை. ஈசிஜி.”

“ரெண்டும் ஒண்ணுதான்.” குரல் இறங்கியது. “ஒரு தடவை சீட்டை விட்டு இறக்கினாங்கன்னா, அப்புறம் ஏதாவது ஜன்னலுக்குப் பின்னாடி உட்கார வச்சு பாஸுக்கு முத்திரை குத்த விடுவாங்கடி. எனக்கு அது வேணாம்.”

வேறு நாளாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். ஒருவேளை டீச்சரும் நானும் சேர்ந்தே தப்பாக இருந்தால் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஐம்பது பேரை எந்தச் சராசரியிலும் அடைக்க முடியவில்லை.

“என்னை நம்ப வேணாம். நீங்களே பாருங்க” என்று அத்தையின் விரல்களைப் பிடித்து அப்பாவின் மணிக்கட்டில் வைத்தேன்.

அத்தை கண்ணை மூடிக் கவனித்தார். “உங்கப்பன் லாரி மாதிரி ஓடறான். சொகுசு கிடையாது. ஆனா வழியில நிக்காது.”

“இப்ப உங்க கை.”

தன் மணிக்கட்டில் விரல் வைத்தார். அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன் என்ஜின் சத்தத்தைக் கேட்கும்போது அப்படித்தான் சாயும். அரை நிமிடம் போயிற்று.

“மிஸ்ஸிங் வருது” என்றார். என்ஜின் நடுநடுவே துடிப்பைத் தவறவிட்டால் டிப்போவில் சொல்லும் வார்த்தை அது.

“என்னக்கா?” என்றார் அப்பா.

“இப்படிச் சத்தம் போடற வண்டிய நான் எடுக்க மாட்டேன்டா. மேனேஜரே வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டேன்.”

போனை எடுத்து அவரே டிப்போவுக்குப் பேசினார். “நாளைக்கு முதல் வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க… இல்லப்பா, வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் ரிப்பேர்.”

ஆஸ்பத்திரியில் ஈசிஜி தாள் நீளமாக வெளியே வந்தது. கூரிய முனைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிகளில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. டாக்டர் அதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன. ரத்தம் அங்கே தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஆபத்து. அதற்கு முன்பே வந்தது நல்லது. துடிப்பைக் குறைக்க ஒரு மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்க ஒன்றும் எழுதிக் கொடுத்தார்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு?”

“இவளைக் கேளுங்க. அஞ்சு நாளா வகுத்து வகுத்து ஒளிச்சு வச்சிருந்தா” என்றார் அத்தை.

இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். டாக்டர் கிறுக்கல் தாளை எடுத்து ஃபைலில் செருகிக்கொண்டார். “அந்த இன்னொண்ணு அழகா இருக்கு டாக்டர். ஆனா அது யாரோ ஆரோக்கியமான பொம்பளையோடது” என்றார் அத்தை.

வண்டி ஓட்டுவதைப் பற்றி டாக்டர் பிடி கொடுக்கவில்லை. மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, அத்தை வழக்கமாக ஓட்டும் அதே பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தை டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டியவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர்.

“கிளட்ச் என்ன பாவம் பண்ணுச்சு தம்பி, அந்த மிதி மிதிக்கறே?”

“அக்கா, நீங்க பேஷண்ட்டு. ஜன்னல் பக்கமாப் பாருங்க.”

“ஜன்னல்ல பாத்தாத்தான் நீ எவ்வளவு ஓரமாப் போறேன்னு தெரியுது.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டி குலுங்கி நின்றது. நின்றுகொண்டிருந்த ஒருவர் இன்னொருவர் மேல் சாய்ந்து மன்னிப்புக் கேட்டார். டிரைவர் திரும்பினார். அவர் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

“எப்பக்கா திரும்ப வர்றீங்க?”

“தெரியலப்பா. டாக்டர் கையெழுத்துப் போடணும்” என்றார் அத்தை. அவர் வாயிலிருந்து ‘தெரியல’ என்ற வார்த்தையை நான் அன்றுதான் கேட்டேன். கம்பியைப் பிடித்து மெதுவாகக் கடைசிப் படிவரை இறங்கியவர், அங்கே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை அந்த டாக்டரை உன் வண்டியில ஏத்திட்டுப் போ தம்பி. அன்னிக்கே எனக்குக் கையெழுத்துப் போட்டுடுவாரு.”