பெயர்கள் ஓடும் இடம்

மூன்றாவது ஹார்டு டிஸ்க்கிலும் படம் அதே நொடியில்தான் முடிந்தது. நாயகி பேருந்தில் ஏறுகிறாள், பேருந்து வளைவில் திரும்புகிறது, திரை கறுக்கிறது. அதற்குப் பிறகு நான்கு நிமிடம் பெயர்கள் ஓட வேண்டும். ஓடவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அந்த நான்கு நிமிடத்தை வெட்டி எறிந்தவன் அவனேதான்.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் காலை செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டி நான்கு மணிக்கு என்று சொல்லியாகிவிட்டது. இப்போது ஒன்றே முக்கால்.

அம்மா அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வண்டி வர்றதுக்குள்ள அந்தப் படத்துல அவரு பேரு வர்ற எடத்த ஒரு தடவ டிவில போடுப்பா. அவரு பக்கத்துல உக்காந்து பாத்துடறேன்." சரிம்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டவன், இன்னும் வெளியே போகவில்லை.

அப்பா சினிமாவில் மைக் பிடித்தவர். நீளமான கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, நடிப்பவர்களின் தலைக்கு மேலே, கேமராவின் கண்ணில் படாமல் தூக்கிப் பிடிக்கிற வேலை. முப்பத்தொரு வருடம் கை கடுக்கக் கடுக்கப் பிடித்தார். கம்பு திரையில் தெரிந்தால் திட்டு விழும். தெரியாவிட்டால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அவர் பெயரும் அந்த மாதிரி தெரியாமலே இருந்துவிட்டது. மறந்துட்டோம், எடம் இல்ல, அடுத்த படத்துல பாத்துக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம். ஒரே ஒரு படத்தில் மட்டும் போட்டார்கள். அந்தப் படம் ஐந்து நாள்தான் ஓடியது.

அவனுக்கு அந்தக் காலத்தில் படங்களைச் சுருக்கிச் சேமிக்கிற பைத்தியம். டிவிடியில் இருப்பதை ஆறில் ஒரு பங்காக இறுக்கி, வரிசையாக அடுக்கி வைப்பான். முன்னூற்றுச் சொச்சம் படம். அவனைப் போன்றவர்கள் கூடும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. கடைசியில் ஓடும் பெயர்களை வெட்டலாமா கூடாதா என்று அங்கே மாதக்கணக்கில் சண்டை. பெயர்களும் படத்தில் சேர்த்திதான் என்று ஒரு கட்சி. எவன் பார்க்கிறான், வெட்டு, முப்பது படத்துக்கு ஒரு படம் கூடுதலாக வைக்கலாம் என்று இன்னொரு கட்சி. அவன் வெட்டுகிற கட்சி. அதிலும் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறவன். சுருக்கி முடித்த கையோடு அசல் டிவிடிகளைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

இணையத்தில் தேடினான். ஒரே ஒரு பிரதி இருந்தது. பரபரவென்று கடைசிக்கு ஓட்டினான். பேருந்து திரும்பியது, திரை கறுத்தது. கோப்பின் பெயரைப் பார்த்தான். அவன் வைத்த பெயர்தான், அவன் செய்த எழுத்துப்பிழையோடு. குழுவில் யாருக்கோ கொடுத்தது எங்கெங்கோ சுற்றிவிட்டு அவனிடமே வந்து நிற்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு தங்கை வந்தாள். "அண்ணா, ஆச்சான்னு அம்மா கேக்கறாங்க."

"ஒரு பத்து நிமிஷம்."

அவள் போகவில்லை. லேப்டாப்பையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லையா?"

"வெட்டிட்டேன்."

"எத?"

"கடைசில பேரு ஓடுறத. எல்லாப் படத்துலயும்."

"அப்பா பேரையுமா?"

"அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வெட்டுனேன்."

கேட்டது உண்மை. அப்பா சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். கடைசில பேரு ஓடுறதெல்லாம் வேணுமாப்பா, வெட்டிடவா என்று பொதுவாகத்தான் கேட்டான். அந்த ஒரு படம் அவன் ஞாபகத்திலேயே இல்லை. அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எடம் பத்தலன்னா வெட்டிக்கோ என்றார். அவன் பாட்டுக்குப் போய்விட்டான்.

"அம்மாகிட்ட உள்ளத சொல்லிடு" என்றாள் தங்கை. "திட்டுனா வாங்கிக்கோ."

சொல்லத்தான் போனான். அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"மாசத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படத்தப் போட்டுடுவாரு. முடிஞ்சாலும் எந்திரிக்க மாட்டாரு. நான் அடுப்படில இருந்தே, பேரு வந்துச்சான்னு கேப்பேன். வந்துச்சு வந்துச்சும்பாரு."

பத்து வருடமாக அந்த வீட்டில் இருந்தது அவன் வெட்டிய கோப்பு மட்டும்தான். கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டே அப்பா வந்துச்சு என்றிருக்கிறார். அவனுக்கு அவமானமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே இந்த மனுஷன்.

"என்னப்பா?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வயர் தேடறேன்."

அறைக்குத் திரும்பியதும் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தான், மூடினான். பிறகுதான் தோன்றியது, வெட்டின மென்பொருளிலேயே எழுதவும் முடியும். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, கீழிருந்து மேலே. பத்து நிமிட வேலை. அப்பாவின் பெயரை அடித்தான். தனியாக நின்ற அந்தப் பெயரைப் பார்த்தால் இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. மேலேயும் கீழேயும் ஆட்கள் வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் வேலையைப் போட வேண்டும். மைக் பிடிக்கிறவரைத் திரையில் என்னவென்று போடுவார்கள்? முப்பத்தெட்டு வயதில் அது அவனுக்குத் தெரியவில்லை.

வாசலில் 'ஹெட்போன்' மாமா உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு இருபது வருடம் ஒலிப்பதிவு செய்தவர். ஊர்ப்பட்ட சத்தத்தையெல்லாம் கேட்டவருக்கு இப்போது காது பாதிதான்.

"மாமா, அப்பா வேலைக்கு டைட்டில்ல என்ன போடுவாங்க?"

"என்ன?"

"அப்பா வேலைக்கு என்ன பேருன்னு கேட்டேன்" என்று கத்தினான். நாற்காலிகளில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாங்க கம்புன்னுதான் கூப்புடுவோம். கம்பு எங்கடான்னா உங்கப்பா ஓடி வருவான்." மாமா சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "கம்புக்கு இங்கிலீஷ்ல பூம். டைட்டில்ல 'பூம் உதவி'ன்னு வரும். உங்கிட்டதான் படம் இருக்கே, பாரேன்."

"அதுல சரியா தெரியல மாமா. லைட்டு யாரு, வண்டி ஓட்டுனது யாரு, டீ குடுத்தது யாரு, எல்லாம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே பத்தொன்பது பெயர் சொன்னார். அவன் மின்கட்டண உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். பதினொன்றாவதாக டீ கொடுத்தவரைச் சொல்லிவிட்டு, அந்த ஆளும் போய்ச் சேந்துட்டான் என்றார்.

மூன்றேமுக்காலுக்கு டிவியைப் போட்டான். அப்பாவின் கால்மாட்டில் டிவி, தலைமாட்டில் அம்மா. தங்கை சுவரோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து திரும்பியது. திரை கறுத்தது. ஒரு கணம் ஒன்றுமே வரவில்லை. பிறகு பெயர்கள் ஏறத் தொடங்கின. விளக்கு, வண்டி, டீ. அப்புறம் பூம் உதவி, பக்கத்தில் அப்பா. நடுத்திரைக்கு வந்ததும் அந்தப் பெயர் நின்றது. அம்மாவுக்குக் கண் சரியில்லை, நிதானமாகப் பார்க்கட்டும் என்று அந்த இடத்தில் அரை நிமிடம் கொடுத்திருந்தான்.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"பேரு இவ்ளோ நேரமெல்லாம் நிக்காதுல்லப்பா" என்றாள்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தியேட்டர்ல போய்ப் பாத்தோம், அவரும் நானும். அந்த எடம் வந்தப்ப முன்னாடி ஒருத்தர் எந்திரிச்சுட்டாரு. அவரு நகர்றதுக்குள்ள போயிடுச்சு. பாத்தியா பாத்தியான்னு என் கையப் புடிச்சு உலுக்குனாரு. பாத்தேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுல என்னைக்காவது பாத்துக்கலாம்னு இருந்தேன், அடுப்பு வேல விடல." அப்பாவின் நெற்றியில் இருந்த ஈயை விரட்டினாள். "நான் பாக்கவே இல்ல."

வாசலில் வண்டி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. மாமா யாரையோ வழிவிடச் சொன்னார். திரையில் பெயர் மெல்ல மேலே நகரத் தொடங்கியது. அவன் ரிமோட்டை எடுத்து அதைத் திரையிலேயே நிறுத்தி வைத்தான்.