பதிமூணுக்குப் பன்னிரண்டு

சேலத்து மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஒரு மூடிய கதவுக்கு வெளியே சுகுணா இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் புருஷன் வெங்கடாசலத்துக்கு அறிவுச் சோதனை. பென்னாகரம் பக்கத்துப் பள்ளியொன்றில் கணக்கு வாத்தியார் அவர். எட்டு மாதத்துக்கு முன் தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒன்று வண்டியைப் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியதில் தலையில் அடி. காயமெல்லாம் ஆறிவிட்டது. மறுபடி வேலையில் சேர இந்தச் சோதனைத் தாள் வேண்டும்.

சுகுணாவுக்கு வேலை இரண்டாம் பட்சம். அவளுக்கு ஆள் வேண்டும்.

குழம்பில் உப்பில்லை என்றால், "சுகு, இன்னைக்கு உப்புக்காரன் வரலையா?" என்று கேட்கிற மனுஷன் அவர். இப்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். போன மாதம் சுகுணாவின் அம்மா செத்த அன்று, மாரில் அடித்துக்கொண்டு அழுதவளைப் பார்த்து, "எழுபத்தாறு வயசு. சராசரிய விட அதிகம். எதுக்கு இந்தச் சத்தம்?" என்றார். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"மூளை இன்னும் முழுசாத் தெளியலைங்க. தெளிஞ்சா சரியாயிடுவாரு" என்று ஊராரிடம் சொல்லித்தான் நாளைத் தள்ளினாள். சோதனைக்குத் தேதி கிடைத்ததும், பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்செய்வது போல அவரைத் தயார்செய்தாள். காலையில் வல்லாரைக் கீரை. சாயங்காலம் எண்கள்.

"ஒம்பது, நாலு, ஏழு, ரெண்டு, அஞ்சு. திருப்பிச் சொல்லுங்க."

"அஞ்சு, ரெண்டு, ஏழு, நாலு, ஒம்பது. பத்தாவதுல கணக்குல பெயிலானது எனக்கு டியூசன் எடுக்குது பாரு."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. சுகுணா பொறுத்துக்கொண்டாள். தெளியட்டும்.

கதவு திறந்தது. அவர் வெளியே வந்து தண்ணீர் குடிக்கப் போனார். சோதனை நடத்திய இளம்பெண் சுகுணாவை உள்ளே கூப்பிட்டாள்.

"ஐ.க்யூ நூத்தி இருபத்தி ஒண்ணுங்க. நூறு பேர்ல பத்துப் பேருக்குக்கூட இவ்வளவு வராது."

சுகுணா கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்ப மூளை தெளிஞ்சிருச்சுங்களா?"

"அறிவுக்கு ஒண்ணும் ஆகலைங்க."

"பழையபடி எப்பங்க ஆவாரு?"

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். "அடி பட்டது குணத்துலங்க. கொஞ்சம் மாறலாம். ஆனா முன்ன இருந்த ஆளே திரும்பி வருவாருன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

சுகுணா தாளிலிருந்த எண்ணையே பார்த்தாள். நூறு வந்திருந்தால் இன்னும் இருபத்தொன்றுக்காகக் காத்திருந்திருப்பாள். இனித் தெளிவதற்கு எதுவும் பாக்கியில்லை.

திரும்பும்போது பஸ் தொப்பூர் மேட்டில் திணறி ஏறியது. எதிர்ப்பக்கம் அந்த இடம் வந்ததும், "லாரி நாப்பதுல வந்திருக்கும். அறுபதுல வந்திருந்தா அங்கியே போயிருப்பேன்" என்றார் வெங்கடாசலம், கரும்பலகையில் விடை எழுதுகிற குரலில். சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் ஒன்பது வயது மகள் எழிலரசி நோட்டோடு காத்திருந்தாள். பக்கம் நிறையப் புள்ளி வைத்து, ஆளுக்கொரு கோடாகப் போட்டுக் கட்டம் கட்டுகிற ஆட்டம். யார் கோட்டில் கட்டம் மூடுகிறதோ அவர் பெயரின் முதல் எழுத்து உள்ளே; அடுத்த கோடும் அவருக்கே. மொத்தம் இருபத்தைந்து கட்டம். பழைய நோட்டுகளில் எல்லாப் பக்கமும் ஒரே கணக்கு: எழிலுக்குப் பதிமூணு, அப்பாவுக்குப் பன்னிரண்டு.

"எப்படிங்க கரெக்டா ஒண்ணுல தோக்கறீங்க?" என்று ஒருமுறை சுகுணா கேட்டிருக்கிறாள்.

"ஜெயிக்கறது சுலபம் சுகு. ஒண்ணுல தோக்கத்தான் கணக்குத் தெரியணும். மூணுல தோத்தா புள்ள கண்டுபுடிச்சிரும்" என்று காதோரம் சொல்லிச் சிரித்தார்.

அடிபட்ட பிறகு அப்பாவுக்கு இருபத்தொண்ணு, எழிலுக்கு நாலு; இல்லையென்றால் இருபதுக்கு அஞ்சு. ஒவ்வொரு ஆட்டம் முடிவிலும் ஒரு "மக்கு." அப்படியும் அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு வருவதை விடவில்லை.

சுகுணா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். ஆட்டம் முடிகிற நேரம். எழிலின் பேனா ஒரு கோட்டுக்குப் போனது. அதைப் போட்டால் வரிசையாகக் கட்டங்கள் மூடும் என்பது சுகுணாவுக்கே தெரிந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு விலகி, மூலையில் உபயோகமில்லாத ஒரு கோட்டைப் போட்டது.

வெங்கடாசலம் மளமளவென்று கட்டங்களை மூடினார். எண்ணினார். "எனக்குப் பதிமூணு, உனக்குப் பன்னெண்டு. இப்பத்தான் உம் மண்டையில கொஞ்சம் ஏறுது." வேறெதுவும் அவர் கவனிக்கவில்லை. எழுந்து கைகழுவப் போனார்.

சுகுணா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தக் கோட்டப் போட்டிருந்தா நீதான கண்ணு ஜெயிச்சிருப்ப?"

"தெரியும்மா" என்று எழில் நோட்டை மூடினாள். "அப்பாவும் முன்னல்லாம் இப்படித்தான போடுவாரு."