பதினான்கு சிக்னல்கள்

“சிவப்பு போய் மஞ்சள் வர்றப்போ சட்டுனு மாறணுமா, மெதுவா மாறணுமா?” என்று அம்மா என்னிடம் ஒருமுறை கேட்டாள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. வகுப்பறைக் கதவு வரை போய்த் திரும்பிவிடுவேன். ஏனென்று யாருக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளியிலிருந்து வந்த அம்மையாரும் மருத்துவரும் என்னென்னவோ கேட்டார்கள், நான் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. எந்த வருஷத்துச் சிக்னல் என்று கேட்டேன். எண்பத்தேழு என்றாள். அப்படியானால் உள்ளே இருப்பது பல்பு, இழை சூடாக நேரம் எடுக்கும், மெதுவாகத்தான் மாற வேண்டும் என்றேன். அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அடுத்த சனிக்கிழமை சின்ன அளவில் ரயில் பாதை செய்து ஓட்டும் மாதிரி ரயில் சங்கத்துக்கு என்னைத் தன்னோடு கூட்டிப்போனாள்.

அம்மா சரக்கு ரயில் ஓட்டுகிறாள். இங்கிலாந்தின் வடக்கே கார்லைலிலிருந்து ஷாப் மேட்டைத் தாண்டி க்ரூ வரைக்கும் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு போகிறவள், சனிக்கிழமைகளில் சங்கம் கூடும் சாரணர் கொட்டகையில் அதே விளக்குகளைத் தீக்குச்சி உயரத்தில் பார்ப்பதற்காகப் போவாள். சங்கத்தில் பதினோரு பேர். ரயில் பாதை விரிந்திருக்கும் பலகைகளுக்குக் கீழே நுழையக்கூடிய உடம்பு எனக்கு மட்டும்தான். அங்கே யாரும் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இரண்டு வருஷத்தில் பதினான்கு சிக்னல்கள் செய்தேன். ஒவ்வொன்றிலும் கசகசா அளவில் நான்கு எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொரு விளக்குக்கும் முடியைப் போல இரண்டு கால்கள். நான்கின் பிளஸ் கால்களையும் சேர்த்து ஒரே கம்பியில் ஈயம் வைத்துப் பற்றவைப்பேன். அதுதான் பொதுக் கம்பி. அவை கண்ணுக்குத் தெரியட்டும் என்று அம்மா மேசைவிளக்கைக் கிட்டத்தில் பிடித்துக்கொள்வாள். அவள் மூச்சு என் காதில் படும். இருவருமே பேச மாட்டோம். அதைவிட நல்ல நேரம் எனக்கு இருந்ததில்லை.

இந்த வருஷம் சங்கம் டிஜிட்டலுக்கு மாறியது. ரயிலுக்கான கட்டளைகள் எல்லாம் தண்டவாளத்தின் வழியாகவே போகும். அந்தக் கட்டளைகளில் தன் எண்ணுக்கு வருவதை மட்டும் பிரித்தெடுத்து விளக்கை மாற்ற, சிக்னல்களுக்கு டீகோடர் என்ற சின்ன அட்டை வேண்டும். எந்த டீகோடர் என்பதைக் குளிர்காலம் முழுக்க நான் யோசித்திருந்தேன். ஒன்று மலிவு, ஆனால் விளக்குகள் பட்டென்று மாறும். இன்னொன்றில் மெதுவாக மாறும், ஆனால் மைனஸ் பொதுவாக இருக்கும் சிக்னலுக்கு மட்டுமே ஆகும். மூன்றாவதும் மெதுவாக மாறும், பிளஸ் மைனஸ் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். விலைப்பட்டியலில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன். அம்மா கேட்பாள் என்று காத்திருந்தேன்.

ஜனவரியில் சங்கத்துக்குப் பெத்தனி வந்தாள். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறவள். மேசை மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசுவாள், வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரிப்பாள். ஒரே வாரத்தில் அம்மாவுக்கு அவள் ‘பெத்’ ஆகிவிட்டாள். பனி மூடிய காலையில் ஷாப் மேட்டில் சிக்னல் தெரியாமல் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்துபோய்ப் பார்த்த கதையை அம்மா அவளிடம் சொன்னாள். அந்தக் கதையை எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பலகைக்குக் கீழே படுத்தபடி அதைக் கேட்டேன். நான் கேட்காத கேள்விகளை பெத்தனி கேட்டாள். எனக்குச் சொல்லாத பதில்களை அம்மா சொன்னாள். “டோனா இப்பல்லாம் டீயை ஆறவிட்டுடறா, பேச ஆள் கிடைச்சிருச்சு” என்று அம்மாவைக் காட்டிச் சொன்னார் சங்கச் செயலாளர் டெஸ்மண்ட். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியென்றால் இரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் இருந்த நான் யார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டீகோடர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அம்மா பெத்தனியிடமே கொடுத்தாள். பெத்தனி மடிக்கணினியில் கட்டம் போட்டு ஒப்பிட்டாள். ஒரே அட்டையில் நான்கு சிக்னலை மாட்டலாம் என்பதால் அவளுக்கு மைனஸ் பொதுவான அந்த இரண்டாவது வகை பிடித்துப்போயிற்று. அதை வாங்குவதற்கு முன் குனிந்து பலகைக்குக் கீழே தலையை நீட்டினாள்.

“மார்னி, உன் சிக்னல்ல எது பொது? பிளஸ்ஸா, மைனஸ்ஸா?”

அந்தக் கொட்டகையில் அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அவள் கண் நேராக என்னைப் பார்த்தது. அந்தச் சமயத்தில் மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “பெத், சீக்கிரம் வாயேன், இதைப் பாரு.” சமையலறையில் என்னிடம் மட்டும் பேசும் குரல் அது.

“மைனஸ்” என்றேன்.

“ஒண்ணைக் கழட்டிப் பாத்துடவா?” என்று கேட்டவள், உடனே தானே தலையாட்டிக்கொண்டாள். “வேணாம். செஞ்சவளே சொல்லிட்டா அப்புறம் என்ன.”

அட்டைகள் வந்துசேர மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன், வார்த்தை சரியாகவே வரும். வந்த அட்டைகளின் கம்பிகளை அளவுக்கு வெட்டினோம். வெட்டிவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். பலகைக்கு அடியில் அவற்றைத் திருகி மாட்டியது நான்தான்.

அடுத்த சனிக்கிழமை ஊர் விளையாட்டரங்கில் கண்காட்சி. டிப்போவிலிருந்து தன்னோடு வண்டி ஓட்டுகிறவர்கள் ஆறு பேரை அம்மா அழைத்திருந்தாள். நாங்கள் செய்வதைப் பொம்மை ரயில் என்று கேலி செய்கிறவர்களுக்கு ஷாப் மேட்டின் சிக்னல்கள் வரிசையாக மாறுவதைக் காட்டப் போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் வருவதற்கு முன் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கத்தான் ஒரு வாரம் முன்னதாக இந்தச் சனிக்கிழமை கூடினோம். அம்மா கட்டுப்பாட்டுப் பெட்டியில் முதல் எண்ணை அழுத்தினாள். ஒன்றும் எரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பதினான்கும் இருட்டாக நின்றன.

“எல்லாரும் சேர்ந்து வேலைநிறுத்தம் போல” என்றார் டெஸ்மண்ட்.

பெத்தனி மீட்டரை எடுத்து முதல் சிக்னலில் வைத்தாள். அடுத்ததிலும் வைத்தாள். அவள் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. நான் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“பிளஸ்தான் பொது. நான் தப்பான அட்டையை வாங்கிட்டேன். ஒண்ணைக் கழட்டிப் பாத்திருக்கணும்.”

“பல்கலைக்கழகத்துல அதெல்லாம் மூணாம் வருஷப் பாடம்போல” என்றார் டெஸ்மண்ட். ஓரிருவர் சிரித்தார்கள். எத்தனையோ நாள் நான் மனதுக்குள் கேட்டுப் பார்த்திருந்த சிரிப்பு அது. இப்போது கேட்டபோது வாயில் ஈயப் புகை புகுந்ததுபோல இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. “மார்னிகிட்ட கேட்டியா?”

“கேக்கத் தோணலை” என்றாள் பெத்தனி.

“கேட்டே. நான் அந்தப் பக்கம்தானே நின்னேன். அவ சொன்னதும் காதுல விழுந்துச்சு. எனக்கே அன்னிக்கு உறைக்கலை.” அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ரெண்டு வருஷம் விளக்கு பிடிச்சிருக்கேன்டி. மறந்துட்டியா?”

ஆமாம் என்று சொல்வதற்கான வழியை அவளே திறந்துவிட்டாள். தலையை லேசாக அசைத்தால் போதும், டெஸ்மண்ட் ஒரு கேலி சொல்வார், எல்லோரும் தேநீர் குடிப்பார்கள். ஆனால் இரண்டு மாதத்தில் முதல்முறையாக அம்மா என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றேன். “தெரிஞ்சேதான் சொன்னேன்.”

அம்மா கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்தாள். அன்று அவள் வேலைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி கதவைத் திறந்துகொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாங்கள் வந்த பிறகு பிடித்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நனைந்தாள், பிறகு ஏறிக்கொண்டாள். கார் போன இடத்தில் அதன் அளவுக்கு நீள்சதுரமாகக் காய்ந்த தரை தெரிந்தது. அதன் மேல் முதலில் ஒன்றிரண்டாகவும், பிறகு நிறையவும் புள்ளிகள் விழத் தொடங்கின.